வட்டுக்கோட்டை அதிபர்கள்

1806ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், வில்லியம்ஸ் கல்லூரி என்னும் சிறிய வித்தியாசாலையில் பயின்ற மாணாக்கர் ஐவர், பிரார்த்தனைக்காக வெளியிடத்தில் கூடியிருந்த சமயம் இடியும் மழையும் வந்துவிட, ஒரு வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கி நின்று, ஆசியாக் கண்டத்து மக்களுக்குச் சுவிசேஷம் சொல்லத் தாமே புறப்பட்டாலென்ன என்று தம்முள் பேசிக்கொண்டனர். அப்பேச்சு வீண்போகவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் போஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மிஷன் சங்கம் தோன்றியது. அவ்வைவருள் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் வேறு சிலருடன் இலங்கை வந்து, ஆறாண்டுகளே இங்கு உயிர்வாழ்ந்து, 1822இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். இந்த மிஷனின் சமயப் பணியைப் பற்றி அதனைப் போற்றுவோரும் தூற்றுவோரும் வேண்டிய அளவு எழுதிவிட்டனர். நாம் இங்கே கருதுவது, அவர்கள் வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை நடத்திய ஒரு கலாசாலையையும், அதன் தலைமைப் பதவியில் அடுத்தடுத்து அமர்ந்த சில மனிதர் அப்பதவியை எவ்வாறு வகித்தனர் என்பதையுமே.

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரித் தலைவரை, பிற்காலத்தில் இங்கிலீஷ்காரர் நம் நாட்டில் நிறுவிய காலேஜுகளின் பிரின்ஸிபாலைப் போலவோ, இன்றைய துணைவேந்தரைப் போலவோ எண்ணிக்கொள்வது பொருந்தாது. அவர் பெரும்பாலும் ஒரு பாதிரியார். வக்கீலையும் வைத்தியரையும் உண்டாக்குவது கல்லூரியின் நேரான நோக்கமன்று; பாஷை, இலக்கியம், கணிதம், பௌதிகம், தருக்கம், நீதி சாஸ்திரம் ஆகிய கலைகளை ஒருங்கே பயிற்றி, எத்தொழிலுக்குச் சென்றாலும் சென்ற இடத்தில் தானே சிந்திக்கவல்ல ஒருவனை ஆக்குவதே நோக்கம் என்பது அவர்களுடைய கொள்கை. ஆகவே கடைசி வருஷத்து மாணவருக்கு நீதி சாஸ்திரத்தைத் தலைவர் தாமே கற்பிப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாமே பிரசங்கம் செய்வார். குற்றம் செய்தவனைத் தாமே விசாரிப்பார். விடுமுறை வந்தால் குதிரை ஏறி ஊர் ஊராகச் சென்று கல்லூரிக்குப் பணமும் தாமே திரட்டுவார். இவ்வளவு செய்தும், கல்லூரியின் சொத்து அவர் கையில் இல்லை. அது தர்மகர்த்தர் சபையின் கையில் இருந்தது. அச்சபையார் பெரும்பாலும் வெளியூரில் வாழ்ந்தனர். படிப்பதற்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம், நடத்துவதற்குப் பொருள் கொடுக்கிறவர்கள் மற்றொரு பக்கம். இவ்விரு சாராரும் ஒன்றையே விரும்புகிறார்கள் என்ற நம்பிக்கையை இரு சாராரிடத்தும் அழியாமல் காப்பதுதான் தலைவருடைய உண்மையான உத்தியோகம் என்று சொல்லலாம். மாஸசூஸெட்ஸில் இது கடினமான காரியம். பிள்ளைகள் சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளைகளாகவும், பொருள் கொடுப்பவர் பல்லாயிரம் மைல்களுக்கப்பால் உள்ள கிறிஸ்தவக் குடியானவர்களாகவும் அமைந்துவிட்ட வட்டுக்கோட்டையில் அது எத்தகைய காரியமாயிருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் அதிபரான டேனியல் பூவர் 1789இல் மாஸசூஸெட்ஸைச் சேர்ந்த டான்வர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். 1811இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அக்கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை இவ்விடத்திற் கூறவேண்டும். அமெரிக்காவின் ஆதிக்குடிகளாகிய செவ்விந்தியரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதற்கென்றே சாசனம் பெற்று, அதே காரணத்தைச் சொல்லி இங்கிலாந்தில் நன்கொடையும் திரட்டி, 1769இல் தோன்றிய அக்கல்லூரியில், நாளடைவில் அப்பிள்ளைகளைக் காண்பது அரிதாயிற்று. நன்கொடை மட்டும் நிலைத்தது. பிறநாட்டார் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவதாக வாக்களித்து அதனை மறந்துபோன ஒரு ஸ்தாபனத்திலிருந்து வெளிவந்த பூவர், அவ்வாக்கை வேறொரு சமுத்திரக்கரையில் நிறைவேற்றத் தலைப்பட்டது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. ஆண்டோவர் வேதாந்தப் பாடசாலையில் மூன்றாண்டு பயின்றபின், 1815 அக்டோபரில், டிரையட் என்னும் சிறு கப்பலில் மனைவியோடும் தோழரோடும் புறப்பட்டு, மறு வருஷம் மார்ச்சு மாதத்திற் கொழும்பில் இறங்கினார். அமெரிக்கருக்கும் இங்கிலீஷ்காரருக்கும் நடந்த யுத்தம் முடிந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆயினும் தேசாதிபதி பிரௌன்ரிக் இவர்களை அன்போடு ஏற்று, யாழ்ப்பாணம் செல்ல இடங்கொடுத்தார்.

தெல்லிப்பழையில் ஏழாண்டுகள் வாழ்ந்து பூவர் தமிழ் கற்றார். பேச்சுத் தமிழும் பிரசங்கத் தமிழும் ஒருங்கே கைவந்த ஐரோப்பியர் சிலரே. அமெரிக்கராகிய இவர் அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர். முதல் மனைவி 1821இல் இறந்தபின், நல்லூரில் இருந்த சர்ச் மிஷன் பாதிரியார் ஜோஸப் நைட் என்பவரின் சகோதரியை மணந்தார். அந்த நைட்தான் பிற்காலத்தில் வின்ஸ்லோவின் பேரகராதியாக முடிந்த சொற்றொகுப்பைத் தொடங்கி வைத்தவர் என்பதை நினைக்கும்போது, அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அகராதி வேலை குடும்ப விவகாரம்போலவே நடந்து வந்ததென்று தோன்றுகிறது.

1823இல் மிஷனார், தமிழரும் பிறருமாகிய வாலிபருக்கு இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் அளிப்பதற்கு ஒரு கல்லூரி வேண்டுமென்று திட்டமொன்று வகுத்து, அதனை அச்சிட்டு வெளியிட்டனர். இங்கிலீஷ், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வான சாஸ்திரம், பௌதிகம் எல்லாம் அத்திட்டத்தில் இருந்தன. கல்லூரிக்குரிய அரச சாசனத்தை ஆங்கிலச் சர்க்கார் அமெரிக்கருக்கு வழங்க இணங்கவில்லை. புதிதாக அமெரிக்கப் பாதிரிமார் வந்திறங்குவதற்கே 1820 முதல் தடை இருந்தது. அச்சுவேலைக்கென்று வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பிவிட்டனர். 1833 வரை அத்தடை நீங்கவில்லை. சாசனம் கிடைக்காவிட்டால் என்ன, பாடம் நடத்துவதற்குச் சாசனம் வேண்டுவதில்லை என்று கருதிய பூவர், ஐந்து மிஷன் ஊர்களிலும் இருந்த விடுதிப் பள்ளிகளில் தேர்ந்த மாணவரைத் திரட்டி, ஒல்லாந்தர் காலத்துக் கோயிலின் அருகே 1823 ஜூலையிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டார். முதலில் மத்திய பாடசாலை என்றும், 1827 முதல் செமினரி என்றும் அது வழங்கியது. பிரதம நீதிபதி ஸர் ரிச்சர்டு ஆட்லி ஆதரவளித்தார். அவர் பெயரால் எழுந்த ஆட்லி மண்டபம் வட்டுக்கோட்டையில் அக்காலத்தை நினைவூட்டும் கட்டடமாகும்.

முதற் சங்கடம் நூல்களிலிருந்து வரவில்லை, அடுக்களையிலிருந்து வந்தது. மிஷன் வளவுக்குள் ஆக்கிய சோற்றை உண்ணப் பிள்ளைகள் மறுத்தனர். பெற்றோரும் அதனைப் பொறுக்கவில்லை. வளவுக்கு வெளியே, சாதிக்காரர் கையாற் சமைத்த உணவை உண்ண ஏற்பாடு செய்து, பாடத்துக்கு மட்டும் உள்ளே வரவைத்தனர். கொள்கையில் மிகப் பிடிவாதமான ஒரு கூட்டத்தார் இவ்வாறு இணங்கியது அவர்களுடைய நண்பர் சிலருக்கே அருவருப்பாயிருந்திருக்கும். ஆயினும் பள்ளியில் ஆள் இல்லாமல் கொள்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சில வருஷங்களில் அந்த வேலி தானே தளர்ந்தது. தலைவராயிருப்பவன் எதனை இன்றே வற்புறுத்த வேண்டும், எதனைக் காலத்தின் கையில் விடவேண்டும் என்று அறிந்திருக்க வேண்டுமென்பதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நாம் கண்டதில்லை.

வேறொரு வழக்கத்தை நம்மால் இவ்வாறு மெச்ச முடியவில்லை. ஒரு மாணவனுடைய செலவை அமெரிக்காவில் ஒரு தர்மவானோ சபையோ ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவது என்று ஓர் ஏற்பாடு இருந்தது. விசுவநாதன் கரோல் ஆனான்; சிதம்பரம் நெவின்ஸ் ஆனான்; சதாசிவம் ஆர்னல்ட் ஆனான். இறந்துபோன பாதிரிமாரின் பெயர்களும், நியூ இங்கிலாந்து நாட்டுப்புறத்துக் குடும்பப் பெயர்களும் வட்டுக்கோட்டை வகுப்பறையில் ஹாஜர் சொல்லின. கொடுத்தவருக்குத் தம் பணம் எங்கே சென்றது என்று காட்டுவதற்கு இது உபாயமாயிருக்கலாம். பிள்ளையின் பெயரை விற்பது கௌரவமான உபாயமன்று. அப்பெயர்களைப் பெற்றோர் பின்னர் அவற்றை வீசி எறிந்துவிடவில்லை, முன்னே வைத்துக்கொண்டு, தந்தை இட்ட பெயரை முழுதுமாகப் பின்னே எழுதினர் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

பாடமுறையில் கருதத்தக்க ஒன்றுண்டு. 1828இல், லத்தீனும் கிரேக்கும் இனி எதற்கு என்று கேட்டவர்களுக்கு விடையாக, யேல் கல்லூரியார் ஓர் அறிக்கை வெளியிட்டு, பழைய பாஷைகளின் பயிற்சியே புத்தியைக் கூர்மையாக்குவது என்று வாதித்தனர். அமெரிக்கக் கல்லூரிகள் பல நெடுங்காலம் அதனையே பிரமாணமாகக் கொண்டன. அதே ஆண்டுகளில் வட்டுக்கோட்டையில், அந்தப் பழைய பாஷைகளின் ஸ்தானத்தில் நன்னூலும் நிகண்டும் குறளும் இருந்தன. பூவர் இதனை ஒரு தத்துவமாக வகுத்துச் செய்தாரோ, அல்லது உள்ளூர் உபாத்தியாயர் கையில் இருந்த நூல்கள் அவையே என்பதனாற் செய்தாரோ, எவ்வாறாயினும், சென்னையிலும் கல்கத்தாவிலும் இங்கிலீஷ் படித்த வாலிபர் தம் தாய்மொழி இலக்கணத்தைத் தீண்டாமலே பட்டம் பெறத் தொடங்கிய யுகத்தில், ஒருவன் காலையில் யூக்ளிடின் க்ஷேத்திர கணிதத்தையும் மாலையில் பவணந்தியின் சூத்திரத்தையும் ஒரே விசுப்பலகையில் இருந்து படிப்பதற்கு இங்கே இடம் உண்டாயிற்று.

பூவரின் தலைமையைப் பற்றி யாழ்ப்பாணத்தார் நெடுநாள் பேசிய நிகழ்ச்சி 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணம். வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊர் அராலி. அவ்வூர் விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் நாடெங்கும் வழங்கியது. திருமணத்துக்கு நாள் வைப்பதும் விதைப்புக்கு வேளை பார்ப்பதும் அதனைக்கொண்டே. அவ்வருஷத்துப் பஞ்சாங்கத்தை ஆராய்ந்த பூவர், கிரகணத்தின் தொடக்கத்திலும் அளவிலும் தம் கணக்குக்கும் சாஸ்திரியார் கணக்குக்கும் வேறுபாடு இருப்பதைக் கண்டார். வேறொருவராயிருந்தால் பிரசங்க பீடத்தில் ஏறிப் பரிகசித்திருப்பர். பூவர் அவ்வாறு செய்யாமல், இரண்டு கணக்கையும் முன்கூட்டியே யாவரும் அறியச் செய்து, வானத்தையே மத்தியஸ்தமாக வைத்தார். குறித்த இரவில் ஊரார் பலர் கூடி விழித்திருந்து பார்த்தனர். சந்திரன் செமினரியின் கணக்குப்படியே நிழலில் அகப்பட்டது.

சாஸ்திரியாரின் திறமைக்கு இதனால் குறைவொன்றும் இல்லையென்று நாம் கருதுகிறோம். அவர் சித்தாந்த நூல்களின் முறை தவறாமற் கணித்தார்; பல நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத மூல எண்களில் சேர்ந்துவந்த சிறு பிழை அவர் தலையில் விடிந்தது. பூவருக்கோ ஆசை அதனோடு நிற்கவில்லை. பூமியைச் சுற்றி ஏழு கடல்கள் என்று சொல்லும் புராணத்தைச் சித்தாந்த நூல்களைக் கொண்டே மறுத்து, புராணம் வீழ்ந்தால் சமயமும் வீழும் என்று எதிர்பார்த்தார். கந்தபுராண படனம் கோயில்தோறும் நடந்துவந்த நாட்டில் அது எளிய எதிர்பார்ப்பன்று. கிரகணத்தின் நாழிகையை ஒருவன் சரியாகச் சொன்னான் என்பதனால் அவனுடைய வேதமும் சரியென்று முடியுமா? மாணவர் இந்தத் தருக்கப் பிழையை விரைவிற் கண்டுகொண்டனர். கண்டுகொள்வதற்கு வேண்டிய தருக்க சாஸ்திரத்தை அவர்களுக்குக் கற்பித்தவரும் பூவரே. கணக்கை ஏற்று முடிவை ஏற்காத ஒரு தலைமுறை அக்கலாசாலையிலிருந்து வெளிவந்தது. தன் வாதத்துக்கு எதிராகப் பயன்படக்கூடிய ஆயுதத்தை எதிரியின் கையில் மனமுவந்து கொடுப்பவனே நல்லாசிரியன் என்றால், பூவர் தம்மை அறியாமலே மிக நல்லாசிரியராயிருந்தார்.

1830களின் நடுவில் அவர் மதுரை மிஷனுக்குச் சென்றார். அங்கே ஆறேழு ஆண்டுகள் கிராமப் பள்ளிகளை நடத்தி மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். மதுரைக் கோரிப்பாளையத்தில் உள்ள அமெரிக்கன் கல்லூரியின் நூல்நிலையம் இவர் பெயரைத் தாங்கியது. அக்கல்லூரியோ இவர் சென்ற பிறகு பசுமலையில் வளர்ந்த செமினரியின் சந்ததி. அங்குப் படிக்கும் மாணவருள் எத்தனை பேர் இவர் யாரென்று விசாரித்திருப்பர் என்பது வேறு விஷயம்.

அடுத்த அதிபர் ஹென்றி ஹொய்சிங்டன் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர். மதுரை மிஷனை 1834இல் தொடங்கியவர்களுள் ஒருவர். 1836 முதல் 1849 வரை, நோயின் காரணமாக இடையிற் சில ஆண்டுகள் தாய்நாட்டில் தங்கியது நீங்கலாக, செமினரி இவர் கையில் இருந்தது. பூவர் வாதம் செய்தவர்; ஹொய்சிங்டனோ முதலிற் படித்தார். மறுப்பதற்காகப் படிக்கத் தொடங்கிப் பின்பு படிப்பதற்காகவே படிக்கும் நிலைக்கு வந்துவிட்ட அறிஞர் சிலரை நாம் அறிவோம். அவர்களுள் இவர் ஒருவர் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. இந்து வான சாஸ்திரத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலுமாக 1848இல் பதிப்பித்தார். தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றனையும் மொழிபெயர்த்துக் குறிப்பெழுதி, 1854இல் அமெரிக்க கீழ்த்திசைச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். போப்பையரின் திருவாசக மொழிபெயர்ப்புக்கு இது நாற்பத்தாறு ஆண்டு முற்பட்டது. மெய்கண்டார் சூத்திரம் அமெரிக்கப் பண்டிதரின் மேசையை அடைந்த வழி வட்டுக்கோட்டை அதிபரின் வாசிப்பறை வழி.

ஹொய்சிங்டன் காலத்தில் பணமுடை கடுமையாயிருந்தது. 1837இல் அமெரிக்காவில் வியாபாரம் இடிந்து, வங்கிகள் கதவடைத்தபோது, போஸ்டன் சங்கம் செலவைக் குறைக்க ஆணையிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படித்த கிராமப் பள்ளிகள் மூடப்பட்டன. நியூயார்க்கில் ஒரு பருத்தி வியாபாரி முறிந்தால் சங்கானையில் ஒரு வாத்தியார் சம்பளம் இழக்கிற விசித்திரம் அன்றே தொடங்கிவிட்டது. செமினரி உயிர் தப்பியது. 1841இல் பழைய மாணவரான ஹென்றி மார்ட்டினும் ஸெத் பேஸனும் ஆசிரியராயிருந்து உதயதாரகை என்னும் பத்திரிகையைத் தொடங்கினர். மறு வருஷம் மானிப்பாய் அச்சுக்கூடத்தில் தமிழ் அகராதி வெளிவந்தது. அதே 1842இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவர் கூடித் தமக்கெனப் பள்ளியும் அச்சுக்கூடமும் வேண்டுமென்று ஆலோசித்தனர். அச்செய்தியையும் உதயதாரகையே அச்சிட்டது. இலங்கைச் சர்க்காரின் காரியதரிசியாயிருந்த எமர்ஸன் டென்னன்ட் செமினரியைப் பார்வையிட்டு, மாணவரின் அறிவு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பத்தக்கதென்று 1850இல் எழுதிய நூலில் வியந்து புகழ்ந்தார். பெரிய உத்தியோகஸ்தரின் புகழ்ச்சியில் வழக்கமாகச் சிறிது தள்ளுபடி செய்யவேண்டும். தள்ளியபின்னும் மிகுதி உண்டு.

மூன்றாமவர் சைரஸ் மில்ஸ். இவரும் வில்லியம்ஸ் கல்லூரியில் 1844இல் தேறியவர். மார்க் ஹாப்கின்ஸ் அக்கல்லூரித் தலைவராய் 1836 முதல் 1872 வரை வீற்றிருந்தார். கடைசி வகுப்பு முழுவதையும் தாமே கற்பித்து, புஸ்தகத்தை ஒப்புவிக்கச் சொல்லாமல், மாணவனுடைய வாயிலிருந்தே விடையை வரவழைக்கும் முறையினால் நாடறிந்த ஆசிரியராய் விளங்கினார். அவருடைய நேர் மாணவர் மில்ஸ். அவர் மனைவி ஸூஸன், பெண்கல்விக்கு வழிவகுத்த மேரி லயன் அம்மையாரின் மவுண்ட் ஹோலியோக் கலாசாலையிற் பயின்று அங்கேயே கற்பித்தவர். இவ்விரு மரபும் 1849இல் ஒரே தம்பதிகளாய் வட்டுக்கோட்டைக்கு வந்தன. ஐந்தாண்டுக்குள் இருவர் உடல்நலமும் கெட்டது, 1854இல் திரும்பினர். வட்டுக்கோட்டையில் அவர்கள் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. பின்னர் ஹவாய்த் தீவில் ஒரு கல்லூரியை நடத்தி, 1865இல் கலிபோர்னியாவில் ஒரு பெண்கள் பாடசாலையை விலைக்கு வாங்கி, ஓக்லண்டு நகருக்கு அதனை மாற்றினர்; 1885இல் மில்ஸ் கல்லூரி என்னும் சாசனத்தோடு அது நிலைபெற்றது. கணவர் அதற்கு முன்பே காலமாக, ஸூஸன் அம்மையார் 1890 முதல் 1909 வரை தாமே தலைவராயிருந்தார். யாழ்ப்பாணத்தில் சாசனம் பெறமுடியாத ஒரு கலாசாலையின் அடுக்களைச் சண்டையையும், சங்கத்தாரின் கடிதங்களையும், காய்ச்சலையும் அனுபவித்துத் தேர்ந்தவர்கள், பிறரிடம் கையேந்தாமல் தம் சொந்தப் பணத்தில் பள்ளி வாங்கியது தற்செயலன்று என்று நமக்குத் தோன்றுகிறது.

பூவர் 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அவ்வருஷத்திலேயே போஸ்டனிலிருந்து சங்கத்தின் காரியதரிசி ரூபஸ் ஆண்டர்ஸன், தாம்ஸன் என்னும் மற்றொருவருடன் வந்து சேர்ந்தார். இருபதாண்டுக்கு மேல் கடிதத்தில் ஆண்டவர் அப்போதுதான் ஆளப்பட்டவற்றை நேரிற் கண்டார். ஆண்டர்ஸனை மூடர் என்றோ தமிழுக்குப் பகைவர் என்றோ சொல்லுதல் அநியாயம். ஒவ்வொரு நாட்டுச் சபையும் தன்னைத் தானே ஆண்டு, தானே தாங்கி, தானே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. பாதிரிமார் என்றென்றும் எஜமானராய் வீற்றிருப்பதை அவர் விரும்பவில்லை. கிராமத்தில் தமிழிற் பிரசங்கிக்க வேண்டிய ஒருவனுக்கு நியூட்டனும் இங்கிலீஷும் எதற்கு என்று கேட்டார். கணக்குப் பார்த்தார். 32 ஆண்டில் 600க்கு மேற்பட்டவர் அங்கே பயின்றிருந்தனர். அவர்களுட் பலர் சர்க்கார் கந்தோர்களிலும் நீதிஸ்தலங்களிலும் கைநிறையச் சம்பளம் வாங்கினர். உபதேசியாகக் கிராமத்தில் நிலைத்தோர் சிலர். கடைசி ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்ற மாணவர் சிறுபான்மையினர். நன்கொடை கொடுத்த விதவையும் விவசாயியும் கேட்டது இதையல்லவே என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம். ஏனெனில் உண்மையிலேயே அவர்கள் கேட்டது இதையல்ல.

ஆனால் ஊரார் கேட்டதும் வேறு. தம் பிள்ளைகள் கச்சேரியில் உத்தியோகம் பார்க்க வேண்டுமென்றுதான் அவர்கள் சோற்றுத் தீட்டையும் பொறுத்துக்கொண்டு வட்டுக்கோட்டைக்கு அனுப்பினர். பூவரும் ஹொய்சிங்டனும் கால் நூற்றாண்டுக்கு மேல் போஸ்டனுக்கு எழுதிய அறிக்கைகளில் ஆத்துமாக்களின் எழுப்புதலை முன்னே வைத்து, வட்டுக்கோட்டையில் நடத்திய வகுப்புகளில் வான சாஸ்திரத்தை முன்னே வைத்தனர். இது கபடமன்று, இரண்டும் ஒன்றே என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினர். அவர்களுடைய நம்பிக்கையே கலாசாலையின் அஸ்திவாரம். ஆண்டர்ஸன் அந்த நம்பிக்கையில்லாதவர். ஆகையால் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். பிரித்துப் பார்த்த மாத்திரத்தில் கட்டடம் நிற்கவில்லை. பூவர் உயிரோடு இருந்திருந்தால், மில்ஸ் நோயாளியாய்த் திரும்பாமலிருந்தால், ஹொய்சிங்டன் அங்கே இருந்திருந்தால் எதிர்த்து வாதிட்டிருப்பார்களோ என்னவோ. உயர்ந்த ஸ்தானத்தில் அன்று மறுத்துரைக்கத்தக்க கீர்த்தியுடையவர் எவரும் வட்டுக்கோட்டையில் இல்லை. செமினரி மூடப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்காவில் சங்கத்தார் இதைப்பற்றி விசேஷக் கூட்டம் கூட்டி நீண்ட விவாதம் செய்தனர். 1857இல் சங்கத்தின் தலைவராக வந்தவர், மில்ஸின் ஆசிரியரான அதே மார்க் ஹாப்கின்ஸ். தம் கல்லூரியில் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தத்துவம் கற்பிப்பதை வாழ்நாள் விரதமாகக் கொண்ட அவர், யாழ்ப்பாணத்துக் கிராமப் பிள்ளைகளுக்கு அது மறுக்கப்பட்ட ஸ்தாபனத்தின் உச்சியில் முப்பதாண்டு அமர்ந்திருந்தார்.

தமிழிலேயே கல்வி அளிக்கவேண்டும் என்ற பெயரால் மூடப்பட்ட கலாசாலை, தமிழுக்குச் செய்துவைத்தது என்ன என்பதை ஆண்டர்ஸனின் கணக்கு காட்டவில்லை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் என்று தருக்க நூல் எழுதினார். கரோல் விசுவநாதபிள்ளை, கலாசாலை மூடிய 1855ஆம் ஆண்டிலேயே, வீசகணிதத்தைத் தமிழில் வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகையை நெடுங்காலம் நடத்தி, 1886இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறாகிய பாவலர் சரித்திர தீபகத்தைத் தந்தார். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் ஏற்பட்டது. அதன் முதல் பி. ஏ. பரீட்சையில் தேறியவர் இருவர். ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் அவரிடமே வட்டுக்கோட்டையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒரே வருஷத்தில் முதற் பட்டதாரிகளானது எந்தச் சர்வகலாசாலைக்கும் அருமையான சம்பவம். இருவரும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினர்.

தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1883இல் இறையனார் அகப்பொருளையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏடு தேடி, பாடபேதம் ஒப்பிட்டு, எந்தப் பிரதி எங்கே பிழைத்தது என்று காரணத்தோடு முடிவு செய்யும் அவருடைய பதிப்புரைகளைப் படிக்கிறவர், இரண்டு கணக்கையும் பகிரங்கமாக வைத்து வானத்தைப் பார்க்கச் சொன்ன ஒரு கலாசாலையின் பழக்கத்தை அவற்றில் உணரக்கூடும். இவர் கல்லூரியில் இருந்தது 1844 முதல் 1852 வரை. ஹொய்சிங்டனும் மில்ஸும் அதிபராயிருந்த காலம். அவர்கள் இவரை எதற்காகத் தயார் செய்தார்களோ அதற்கு இவர் பயன்படவில்லை.

1867 முதலே யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், அவர்களுள்ளும் செமினரியின் பழைய மாணவர், மீண்டும் உயர்தரக் கல்லூரி வேண்டும், அதில் இங்கிலீஷ் வேண்டும் என்று முயன்றனர். மிஷன் தன் செலவில் அதனை நடத்த உடன்படவில்லை; ஆகவே மிஷனுக்குப் புறம்பான ஒரு சபை அமைந்தது; அதில் பாதிரிமாரோடு உள்ளூர்த் தமிழரும் இடம்பெற்றனர். 1872இல், வட்டுக்கோட்டையில் பழைய கட்டடங்களிலேயே, யாழ்ப்பாணக் கல்லூரி என்னும் பெயரால் வகுப்புகள் தொடங்கின. 1847இல் இலங்கை வந்து செமினரியின் கடைசி ஆண்டுகளை நேரிற் கண்டிருந்த ஹேஸ்டிங்ஸ் பாதிரியார் அதன் முதல் அதிபராகி, 1889 வரை அப்பதவியில் இருந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அக்கல்லூரியில் தமிழ் கற்பித்தார்.